மானிட்டர் வாங்கும் முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

வீட்டு மேசையிலிருந்து விமானம் ஓட்டும் நண்பர்களுக்கு,



உங்களில் பலர் நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கிவிட்டீர்கள். சிலரிடம் யோக்கும் ரட்டர் பெடலும்கூட வந்துவிட்டன. இப்போது மானிட்டரில் வந்து நிற்கிறீர்கள். 27 இன்ச் போதுமா, 32 எடுக்கலாமா, 4கே தேவைதானா, வளைந்த அகலத் திரை எப்படி என்று கேட்கிறீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களின் அனுபவத்திலிருந்து வருபவை. அவர்களுக்கு வேகமான திரை வேண்டும், ஓரத்தில் எதிரி அசைவது சட்டென்று கண்ணில் பட வேண்டும். நம் தேவை வேறு. நாம் திரையில் எண்களை வாசிக்கிறோம். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விளக்குகளின் நிறத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். இடம் மாறாத ஒரே காக்பிட்டை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவர்களுக்குப் பொருந்துகிற திரை நமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால் பணம் வீணாகும். அதனால்தான் இந்த மடல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கப்போகிறது என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்தத் தூரம் திரையின் அளவைச் சொல்லும். அளவும் தூரமும் சேர்ந்து ரெசல்யூஷனைச் சொல்லும். ரெசல்யூஷன் எந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று சொல்லும். கடையில் இந்த வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது. தள்ளுபடியில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதை முதலில் வாங்கிவிட்டு, பிறகு மேசையில் இடம் தேடுகிறோம்.

பிக்சல் கணக்கு நமக்கு ஏன் முக்கியம் என்பதற்குச் சென்னை விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். கடல் மேலிருந்து வந்து 25ஆம் ஓடுதளத்தில் இறங்குகிறீர்கள். ஓடுதளத்துக்கு ஐந்து கடல் மைல், அதாவது 9.26 கிலோமீட்டர், இருக்கும்போது ஏறத்தாழ அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு மேலே இருப்பீர்கள். ஓடுதளத்தின் அகலம் 45 மீட்டர். அதன் ஓரத்தில் நான்கு பாப்பி விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் மூன்று டிகிரி சரிவில் சரியாக வருகிறீர்கள். நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம், நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டீர்கள். பகலில் ஐந்து மைல் தூரத்திலிருந்தே விமானிக்குத் தெரிய வேண்டும் என்று அமைக்கப்பட்ட விளக்குகள் அவை.

சர்வதேச விதிப்படி ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடைவெளி ஒன்பது மீட்டர். ஐந்து மைல் தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி கண்ணில் மூன்றே கால் கலைக்குச் சற்று அதிகமான கோணத்தை எடுக்கும். கலை என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் பார்வைக்கு ஒரு கலை இடைவெளியே போதும். ஆகவே உண்மையான விமானி நான்கு விளக்குகளையும் தனித்தனியாகப் பார்க்கிறார். இப்போது உங்கள் 1080பி திரைக்கு வாருங்கள். சிமுலேட்டரில் காட்சிக் கோணத்தை 90 டிகிரிக்கு அகலமாக வைத்திருந்தால், திரையின் நடுவில் ஒரு டிகிரிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 பிக்சல்தான். இரண்டு விளக்குகளுக்கு நடுவே ஒரு முழு பிக்சல்கூட விழாது. நான்கும் கலந்து ஒரு கலங்கிய புள்ளியாக நிற்கும். கோணத்தை 60 டிகிரிக்குக் குறைத்தால் ஒன்றரைப் பிக்சல் கிடைக்கும். அதே 60 டிகிரியை 4கே திரையில் வைத்தால் மூன்று பிக்சலுக்கு மேல் கிடைக்கும், நிறங்கள் பிரியும். "எனக்கு இறங்கவே வரவில்லை" என்று சொல்கிற புதியவர்களில் பலருக்குக் கை சரியாகத்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தெரிய வேண்டிய தகவல் திரையில் வரவேயில்லை.

காக்பிட்டுக்கு உள்ளேயும் இதே கதைதான். செஸ்னா 172இல் வரும் கார்மின் ஜி1000 கருவியின் திரை 10.4 இன்ச், 1024×768 பிக்சல். அந்த விமானத்தின் உட்புற அகலம் சுமார் ஒரு மீட்டர். முழுக் கருவிப் பலகையும் உங்கள் மானிட்டரின் அகலத்தை நிரப்பும்படி பார்த்தால், ஒரு ஜி1000 திரைக்கு மானிட்டரின் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். 1080பி-யில் அது 400 பிக்சல், 1440பி-யில் 540, 4கே-யில் 810. அதாவது 1024 பிக்சலில் எழுதப்பட்ட எண்ணை 1080பி திரை பாதிக்கும் குறைவான பிக்சலில் எழுதப் பார்க்கிறது. அதனால்தான் உயரத்தைப் படிக்க ஒவ்வொரு முறையும் ஜூம் செய்கிறீர்கள். ஜூம் செய்த நொடியில் வெளியே பார்ப்பது போய்விடுகிறது. நல்ல விமானியின் கண் வெளியேயும் உள்ளேயும் ஓய்வில்லாமல் போய்வந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்கிற திரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம்.

அப்படியானால் எல்லோரும் 4கே வாங்கிவிடலாமா? இங்கேதான் டேப் வேலைக்கு வருகிறது.

ஒரு கலை என்ற அதே கணக்கைத் திரைக்குப் போட்டுப் பாருங்கள். 24 இன்ச் 1080பி திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.277 மில்லிமீட்டர். 95 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால்தான் கண்ணுக்குப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலக்கும். 27 இன்ச் 1440பி-க்கு அந்தத் தூரம் 80 சென்டிமீட்டர், 32 இன்ச் 4கே-க்கு 63, 43 இன்ச் 4கே-க்கு 85. இந்தத் தூரத்தைவிட மிகவும் கிட்டே உட்கார்ந்தால் பிக்சல் தெரியும். மிகவும் தள்ளி உட்கார்ந்தால் காசு கொடுத்து வாங்கிய பிக்சல் கண்ணுக்கு வந்து சேராது, ஆனால் கார்டு மட்டும் அதற்காக உழைத்துக்கொண்டே இருக்கும்.

நம்மில் யோக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேசை விளிம்பில் யோக்கைப் பூட்டிவிட்டால் அது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிடும். சாதாரணமாக 60, 65 சென்டிமீட்டரில் இருக்கும் கண் 80, 90க்குப் போய்விடும். அலுவலக வேலைக்காகச் சொல்லப்படும் அளவுகள் எதுவும் அப்போது பொருந்தாது. ஏர்பஸ் ஓட்டுபவர் பக்கவாட்டு ஸ்டிக்கோடு மேசையை ஒட்டி உட்காருவார். செஸ்னாவையும் போயிங்கையும் யோக்கில் ஓட்டுபவர் பின்னால் உட்காருவார். இரண்டு பேருக்கும் ஒரே மானிட்டரைப் பரிந்துரைப்பது தவறு. ஆகவே யோக்கைப் பூட்டி, காலைப் பெடலில் வைத்து, விமானம் ஓட்டும் நிலையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரைக் கண்ணிலிருந்து திரை வரை அளக்கச் சொல்லுங்கள்.

அளவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் உயரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். இறங்கும்போது மேலே ஓடுதளமும் கீழே வேகமானியும் ஒரே சமயத்தில் தெரிய வேண்டும். அதைத் தருவது திரையின் உயரம். 27 இன்ச் சாதாரணத் திரையின் உயரம் சுமார் 33.6 சென்டிமீட்டர். 34 இன்ச் அகலத் திரையின் உயரமும் ஏறத்தாழ அதேதான். 49 இன்ச் என்று பிரம்மாண்டமாக விற்கப்படும் 5120×1440 திரையின் உயரமும் அதேதான்! இரண்டு 27 இன்ச் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுதான் அது. 32 இன்ச் திரையில் உயரம் 40 சென்டிமீட்டர் ஆகிறது, 43 இன்ச்சில் 53. அந்த 43 இன்ச் திரையின் அகலமும் 95 சென்டிமீட்டர் என்பதால், செஸ்னாவின் கருவிப் பலகை அதில் கிட்டத்தட்ட உண்மை அளவிலேயே வந்து உட்காரும். வட்டமான வேகமானி நிஜத்தில் 79 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. 24 இன்ச் திரையில் அது 42 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது, 43 இன்ச்சில் 75 வரை வருகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அகலத் திரைக்கு நான் எதிரியில்லை. ஆனால் அதை முதல் திரையாக வாங்காதீர்கள். பெரும்பாலான சிமுலேட்டர்கள் காட்சியைத் தட்டையான கண்ணாடியில் விழுவதுபோல வரைகின்றன. நடுவிலிருந்து விலக விலக உருவங்கள் பக்கவாட்டில் இழுபடும். 45 டிகிரி விலகிய இடத்தில் ஒவ்வொன்றும் அகலத்தில் இரண்டு மடங்கு நீண்டிருக்கும். 49 இன்ச் திரையின் இரு ஓரங்களிலும் இறக்கைகள் விநோதமாக நீண்டு தெரிவதற்குக் காரணம் அதுவே. எக்ஸ்-பிளேனில் மூன்று திரைகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கோணம் கொடுக்கலாம், அப்போது இந்த இழுப்பு வராது. அந்த வழியில் போகிறவர்களுக்குக் கணினியும் மேசையும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும்.

அகலம் எவ்வளவு வாங்கினாலும் போதாது என்பதுதான் உண்மை. 60 சென்டிமீட்டரில் வைத்த 27 இன்ச் திரை உங்கள் கண்ணுக்கு 53 டிகிரியைத்தான் நிரப்பும், 32 இன்ச் 61 டிகிரியை. இரு கண்ணால் மனிதன் பார்ப்பதோ கிட்டத்தட்ட 200 டிகிரி. ஹாங்காங்கின் பழைய கை டாக் நிலையத்தை இன்றும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். 1998இல் மூடப்பட்ட அந்த நிலையத்தின் 13ஆம் ஓடுதளத்துக்கு, மலைமேல் வரைந்த சதுரங்கக் கட்டத்தைப் பார்த்து வந்து, கடைசியில் வலப்பக்கம் 47 டிகிரி திரும்பி இறங்க வேண்டும். திரும்புவதற்கு முன் ஓடுதளம் வலப்பக்கம் ஒதுங்கித் திரைக்கு வெளியே கிடக்கும். சாதாரணச் சிறிய விமானத்தில் வட்டம் சுற்றி இறங்கும்போதுகூட, ஓடுதள முனை இறக்கைக்கு 45 டிகிரி பின்னால் போனதும் திரும்ப வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். எந்தத் திரை அதைக் காட்டும்?

இதற்கு விடை தலையசைவைப் பின்தொடரும் கருவி. ட்ராக்ஐஆர், டோபி போன்றவை விலைக்குக் கிடைக்கின்றன. ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமராவோடே வேலை செய்யும். தலையைச் சற்றுத் திருப்பினால் காக்பிட்டில் முழுதாகத் திரும்பிப் பார்க்கலாம். 27 இன்ச் திரையோடு தலைத்தொடர் கருவி வைத்திருப்பவர், அது இல்லாமல் 49 இன்ச் வைத்திருப்பவரைவிட நன்றாக இறங்குவார் என்று உறுதியாகச் சொல்வேன். திரைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இதற்கு எடுத்துவையுங்கள். இது கையில் இருந்தால் காட்சிக் கோணத்தையும் குறுக்கி வைத்துக்கொள்ளலாம். கோணத்தை 90க்கு விரித்து வைத்தால் ஓடுதளம் சுருங்கித் தொலைவில் தெரியும். எந்த உயரத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்பதைக் கண் தவறாகக் கணிக்கும்.

இனி கார்டு. 1080பி-யில் சுமார் 21 லட்சம் பிக்சல், 1440பி-யில் 37 லட்சம், 4கே-யில் 83 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அவ்வளவையும் வரைய வேண்டும். ஆனால் நம் சிமுலேட்டர்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பெரிய விமான நிலையத்தில் நிற்கும்போது பல சமயம் கார்டு சும்மா இருக்கும், பிராசசர்தான் மூச்சு வாங்கும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைத் திறந்து ஃப்ரேம் கணக்கைக் காட்டச் சொன்னால், தடை பிராசசரில் ஓடும் மெயின் த்ரெட்டா கார்டா என்று அதுவே எழுதிக் காட்டும். மெயின் த்ரெட் என்று வந்தால் 1080பி-யிலிருந்து 1440பி-க்குப் போவதால் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஃப்ரேம் குறையாது.

4கே-யைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் ரெண்டர் ஸ்கேலிங் என்ற அமைப்பு 200 வரை போகும். உங்கள் பழைய 1080பி திரையிலேயே அதை 200க்கு ஏற்றினால் கார்டு உள்ளே 3840×2160 அளவில்தான் வரையும், அதாவது முழு 4கே சுமை. 133இல் வைத்தால் ஏறக்குறைய 1440பி சுமை. நீங்கள் வழக்கமாக இறங்கும் நிலையத்தில், மேகமான ஒரு மாலையில், இரண்டையும் வைத்து இறங்கிப் பாருங்கள். 30 ஃப்ரேமுக்குக் கீழே விழுந்து திக்கினால் அந்த ரெசல்யூஷன் இப்போதைக்கு உங்கள் கணினிக்கு இல்லை. டிஎல்எஸ்எஸ் போன்ற வழிகள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கித் தரும். குவாலிட்டி நிலையில் 4கே-க்கு உள்ளே 1440பி-தான் வரையப்படும். வெளிக்காட்சிக்கு அது அருமை. காக்பிட் திரையில் ஓடும் எண்களின் பின்னால் நிழல் படிவது அதன் குறை. புதிய பதிப்புகளில் அது குறைந்திருக்கிறது, ஆனாலும் உங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். 12 ஜிபி-க்குக் குறைந்த நினைவகம் உள்ள கார்டோடு 4கே-க்குப் போக நான் சொல்லமாட்டேன்.

புதுப்பிக்கும் வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பயணிகள் விமானத்துக்கு ஒரே சீரான 30 ஃப்ரேம் போதும். 60 அல்லது 120 ஹெர்ட்ஸ் திரையில் 30 சரியாக வகுபடும், 144இல் வகுபடாது. அப்போது 36 அல்லது 48இல் பூட்டுங்கள். டிசிஎஸ்ஸில் வான்சண்டை போடுபவர்களுக்கு வேகமான திரை உண்மையாகவே உதவும். அவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ரெசல்யூஷன் கூடக்கூட தொலைவிலுள்ள எதிரி விமானத்தின் புள்ளி சிறுத்துவிடும். அதனாலேயே நெடுங்காலம் பலர் 1080பி-யை விடாமல் வைத்திருந்தார்கள்.

திரையின் வகையைக் கவனியுங்கள். இரவில் வங்கக் கடலின் மேல் பறக்கும்போது ஓலெட் தரும் கறுப்புக்கு ஈடில்லை. ஆனால் சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், கருவிகள் அத்தனையும் திரையில் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருக்கும். அந்தத் தடம் நாளடைவில் திரையில் பதிந்துபோகும் அபாயம் மற்ற எந்த விளையாட்டையும்விட நமக்கு அதிகம். நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் ஐபிஎஸ் வாங்குவதே நல்லது. விஏ திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் இருட்டில் நகரும் உருவங்கள் இழுபடும்.

43 இன்ச்சுக்கு டிவியை வாங்குபவர்கள், அது கணினியிலிருந்து 4:4:4 நிறத் தகவலை முழுதாக வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தகவலைப் பாதியாக்கும் டிவியில் வண்ண எழுத்துகள் கலங்கும். பாதையைக் காட்டும் மெஜந்தா கோடும் எச்சரிக்கையின் சிவப்பு எழுத்தும் முதலில் கெடும். வாங்கிய பிறகு டிவியின் எச்டிஎம்ஐ இணைப்பைப் பிசி என்றோ கேம் மோடு என்றோ மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டிக்கை அசைத்த பிறகு படம் தாமதமாக அசையும். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பெரிய திரைக்கு வரி அதிகம் என்ற பழைய தயக்கம் இனி வேண்டாம்.

ஆக, நான் சொல்வது இது. 60, 65 சென்டிமீட்டரில் உட்காருபவர், கார்டு நடுத்தரமாக இருந்தால் 27 இன்ச் 1440பி வாங்குங்கள். கார்டு சோதனையில் தேறினால் 32 இன்ச் 4கே. இன்று இந்தப் பொழுதுபோக்குக்கு அதைவிடப் பொருத்தமான ஒற்றைத் திரை இல்லை என்பது என் கருத்து. யோக்கோடு 80, 90 சென்டிமீட்டரில் உட்காருபவர் 43 இன்ச் 4கே. 32 இன்ச் 1080பி-யை எந்த விலைக்கும் தொடாதீர்கள். 27 இன்ச்சில் 4கே, கார்டை வருத்தும் அளவுக்குக் கண்ணுக்குத் தருவதில்லை. பழைய 1080பி திரையை விற்றுவிடாதீர்கள். வரைபடமும் சரிபார்ப்புப் பட்டியலும் திறந்து வைக்க அது வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், வீட்டில் அளந்த தூரத்தை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். கடைக்காரரிடம் திரையை ஏற்றிக் காட்டச் சொல்லி, அந்தத் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு காக்பிட் படத்தை முழு அளவில் திறந்து, ஜூம் இல்லாமல் உயரமானியின் எண்ணை வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியவில்லை என்றால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பறக்கும் ஒருவன்